பிரியமும் துன்பமும்
கோசல அரண்மனையில் நிகழ்ந்த ஒரு விவாதம்

பற்றை ஒழிக்குமாறு போதிக்கும் சமயம் பௌத்தம் என்பது யாவரும் அறிந்ததொன்றே. ஆயின், அப்போதனை மனைவி மக்களோடு கூடி வாழும் இல்லறத்தானுக்கு எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா, புத்தர் பெருமான் வாழ்ந்த நாளிலேயே எழுந்துவிட்டது. மகவை இழந்த தந்தையின் கண்ணீரைப் பேதைமையென்று ஒதுக்கும் தத்துவம் மனித இயல்புக்கு ஒவ்வுமா? அன்பு செய்தலே துன்பத்தின் வித்தாயின், அன்பு செய்யாதிருத்தல்தான் அறமா? பௌத்தத்தைச் சோர்வு நெறியென்று கூறியோர் பலரும் இவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டு பேசினர். இவ்வினாவுக்குத் தத்துவ நூல்களிலே விடை தேடுதல் ஒரு வழி. அவ்வினா ஒரு குடும்பத்தினுள்ளே எழுந்து, கணவனும் மனைவியும் அதனைப் பற்றி மாறுபட்டு உரையாடி, பின்னர் அவர்தம் வாழ்க்கையே அதற்கு உரையாக அமைந்த வரலாற்றை நோக்குதல் மற்றொரு வழி. ஈண்டு இரண்டாவது வழியையே மேற்கொள்வாம்.

அக்குடும்பம் கோசல நாட்டு மன்னன் பசேனதியின் குடும்பமாகும். வடமொழி நூல்கள் இவனைப் பிரசேனஜித்து என வழங்கும். சாவத்தி நகரைத் தலைநகராகக் கொண்டு, காசி நாட்டையும் தன் ஆட்சிக்கு உட்படுத்தி, கி. மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி அரசு செலுத்தியவன் இவன். பௌத்த நூல்களிலன்றிக் கல்லிலும் இவன் நினைவு பொறிக்கப்பட்டுள்ளது. 1873இல் கன்னிங்காம் கண்டறிந்த பார்கூத்துத் தூபியின் வேலித் தூணொன்றிலே, தேர்மீது செல்லும் இவன் உருவமும் கோசல மன்னன் பசேனதி என்னும் பெயரும் காணப்படுகின்றன. இவனுடைய தேவி மல்லிகை. மாலை தொடுப்போன் ஒருவனின் மகளாகப் பிறந்து, தன் அறிவினாற் பட்டத்தரசியானவள் என இவளைப் பற்றி உரைநூல்கள் கூறும்.

இவ்விருவரைப் பற்றிய செய்திகளை நமக்கு அளிப்பன பாளி மொழியிலுள்ள சுத்தங்களாகும். வாய்மொழியாகப் பல தலைமுறை வழங்கி வந்த இவை, வட்டகாமணி அபயன் காலத்தில், கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, நம் நாட்டின் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. ஆதலின், இவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் நிகழ்ந்தவாறே பதிந்த சொல்லென்று கொள்ளுதல் இயலாது. எனினும், நாம் எடுத்துக்கொள்ளும் சுத்தத்திற்கு ஒப்பான நூற்பகுதி, கி. பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சீன மொழியிற் பெயர்க்கப்பட்ட மத்தியம ஆகமத்திலும் உண்டு. தேசத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இரு மரபுகள் ஒரே நிகழ்ச்சியைப் போற்றி வைத்துள்ளமை, அதன் பழைமைக்குத் தக்க சான்றாகும்.

மச்சிம நிகாயத்திலுள்ள அச்சுத்தத்தின் பெயர் பியஜாதிக சுத்தம். பிரியமானவற்றிலிருந்து பிறப்பது என்பது அத்தொடரின் பொருள். சாவத்தியில் வாழ்ந்த இல்லறத்தான் ஒருவனுடைய ஒரே மகன் இறந்துபடுகின்றான். தந்தைக்கு உணவில் விருப்பமில்லை. தொழிலில் மனஞ் செல்லவில்லை. நாள்தோறும் சுடுகாட்டுக்குச் சென்று, மகன் எங்கேயென்று கூவி அழுகின்றான். அந்நிலையில் அவன் புத்தரிடம் வருகின்றான். அவனுடைய நிலையைக் கேட்டறிந்த புத்தர், துயரமும் புலம்பலும் மனவருத்தமும் பிரியமானவரிடமிருந்தே பிறக்கின்றன எனக் கூறுகின்றார். அவனோ அதனை ஏற்கவில்லை. பிரியமானவரிடமிருந்து பிறப்பன இன்பமும் களிப்புமல்லவா எனச் சினந்தெழுந்து செல்கின்றான். செல்லும் வழியிற் சூதாடிக்கொண்டிருந்த சிலரிடம் இதனைக் கூற, அவர்களும் அவன் கருத்தே சரியென்கின்றனர்.

இவ்விடத்திற் சூதாடுவோரை நூல் நிறுத்தியிருக்கும் நயம் சிந்திக்கத்தக்கது. வெற்றியை மட்டும் எண்ணித் தோல்வியை எண்ணாது காயுருட்டுவோரே அத்தந்தைக்கு ஆதரவாளராய் அமைகின்றனர். அதே வேளையில், மகனை இழந்தவன் பௌத்த மறுமொழியால் ஆறுதல் அடைந்தான் என்று எழுத நூலாசிரியர் முற்படவில்லை. உண்மையாயினும், துயரின் முதல் வேகத்தில் அது செவியேறாது என்பதை ஒளிக்காது உரைத்திருக்கின்றனர்.

செய்தி நகரெங்கும் பரவி அரண்மனையை அடைகின்றது. உன் ஆசிரியர் இவ்வாறு கூறினாராமே என மன்னன் மல்லிகையை வினாவுகின்றான். அவர் கூறினாராயின் அது அவ்வாறே இருக்கும் என்பது அவள் மறுமொழி. ஆசிரியன் எதைச் சொன்னாலும் ஆமென்று தலையசைக்கும் மாணாக்கனைப் போன்றவள் நீயென்று கடிந்து, மன்னன் அவளை அப்பாற் போகச் சொல்கின்றான். அவன் கடிந்ததிலும் ஒரு நியாயம் உண்டு. மல்லிகை அதனை உணர்ந்தவளைப் போன்று, வாதிடாது, நாளிஜங்கன் என்னும் அந்தணனைப் புத்தரிடம் அனுப்பி அக்கூற்றின் பொருளை அறிந்துவரச் செய்கின்றாள். தாயை இழந்து சித்தங் கலங்கி, தெருத்தெருவாக என் தாயைக் கண்டீரோ என்று கேட்டுத் திரிந்த பெண்ணொருத்தியின் கதை முதலாக, அதே சாவத்தியில் நிகழ்ந்த செய்திகள் பலவற்றைப் புத்தர் அவனுக்குக் கூறி விடுக்கின்றார்.

அதன் பின்னர் மல்லிகை கணவனிடம் சென்று, தான் கேட்டறிந்த கதைகளை ஒப்புவிக்கவில்லை. மாறாக, அவனையே வினாவுகின்றாள். மகள் வஜிரி உமக்குப் பிரியமானவளா? ஆம் என்கின்றான் மன்னன். அவளுக்கு ஏதேனும் நேரின் உமக்குத் துயர் உண்டாகுமா? அவளுக்கு ஒன்று நேரின் என் வாழ்வே மாறிவிடும். துயர் எங்ஙனம் உண்டாகாதிருக்கும் என்கின்றான். இவ்வாறே மற்றோர் அரசியான வாசபகத்தியை, சேனாபதி விடூடபன், மல்லிகையாகிய தான், காசி கோசல நாடுகள் என ஒவ்வொன்றாக எடுத்து அவள் வினாவ, மன்னனும் ஒவ்வொன்றுக்கும் அவ்வாறே விடையளிக்கின்றான். இறுதியில் தன் இருக்கையினின்றும் எழுந்து, புத்தர் இருந்த திசை நோக்கி மும்முறை வணங்குகின்றான்.

இவ்விவாதத்தை வென்றது எது? மல்லிகை அன்பை மறுத்தாளல்லள். கணவன் நெஞ்சிலுள்ள அன்பையே சான்றாகக் காட்டினாள். பிரியம் உண்டு, ஆதலின் துயருக்கும் இடமுண்டு என்பதே அவள் நாட்டிய உண்மை. பிரியத்தை விடுக என்று அவள் ஓரிடத்தேனும் கூறவில்லை. நோயின் மூலத்தைக் காட்டுதல் மருத்துவத்தின் முதற்படி. இச்சுத்தம் அப்படியோடு அமைகின்றது.

அடுத்த படியை அறிவதற்குப் பௌத்தரின் உளவியலைச் சிறிது நோக்குதல் வேண்டும். துன்பத் தோற்றத்தைப் பன்னிரு சார்புகளாக வகுத்த அவர்கள், அவற்றுள் மூன்றனை அடுத்தடுத்து வைத்தனர். தமிழிலே மணிமேகலை ஆசிரியர் அவற்றுக்கு நுகர்ச்சி, வேட்கை, பற்று என அழகிய பெயர்களை வழங்கியுள்ளார். இன்பமும் துன்பமும் உள்ளத்தில் தோன்றுதல் நுகர்ச்சி; அது உயிருள்ளார் எவர்க்கும் இயல்பு; அதிற் குற்றமில்லை. நுகர்ந்ததை மேலும் வேண்டுதல் வேட்கை. வேண்டியது என்றும் என்னுடையதாய், மாறாததாய் இருத்தல் வேண்டுமென இறுகப் பிடித்தல் பற்று. நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள சிறு வெளியிலேதான் மனிதனின் முயற்சிக்கு இடமுண்டு. இதனையே, ஓர் அம்பு தைத்தவன் அதன் நோவை எண்ணி எண்ணி வருந்தும்போது இரண்டாவது அம்பினாலும் தைக்கப்படுகின்றான் என்னும் உவமையால் மற்றொரு சுத்தம் விளக்குகின்றது. முதலம்பு எவரையும் விடாது. இரண்டாவது அம்பு நாமே நம்மீது எய்துகொள்வது.

அங்ஙனமாயின், உள்ளத்தைக் கல்லாக்கிக் கொள்வதுதான் அம்புக்குத் தப்பும் வழியா? இவ்வையத்தை அநுராதபுரத்து மகாவிகாரையில், கி. பி. 5ஆம் நூற்றாண்டில், விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோசர் தெளிவாகத் தீர்த்துள்ளார். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு நற்பண்புகளுக்கும், வெளிப்படையாக எதிர்நிற்கும் சேய்மைப் பகை ஒன்றும், அப்பண்பைப் போலவே வேடமிட்டு நெருங்கி நிற்கும் அண்மைப் பகை ஒன்றும் உண்டென்பர் அவர். மைத்திரிக்குச் சேய்மைப் பகை வெறுப்பு. அண்மைப் பகை ஆசை. கருணைக்குச் சேய்மைப் பகை கொடுமை. அண்மைப் பகை இல்வாழ்க்கைப் பற்றினால் எழும் துயர். உபேட்சை எனப்படும் நடுவுநிலைக்கு அண்மைப் பகையாக அவர் கூறுவது, அறியாமையால் எழும் அக்கறையின்மையாகும். எனவே, பிறர் துயரைக் கண்டும் வாளாவிருக்கும் மரத்த நெஞ்சம் பௌத்தத்தின் இலட்சியம் அன்று. அவ்விலட்சியத்தின் போலியென்றே அந்நூல் அதனை ஒதுக்குகின்றது. தாய் தன் மகவை அணைப்பதில் மைத்திரியும் உண்டு, பற்றும் உண்டு. இரண்டும் ஒரே முகத்தோடு தோன்றுதலின், பிரித்தறிதல் அரிது. அப்பிரித்தறிவையே இல்லறத்தானிடம் பௌத்தம் வேண்டி நின்றது எனலாம்.

மன்னன் மீண்டும் நம் கவனத்தை ஈர்க்கின்றான். மல்லிகையின் வாதத்தை ஏற்று வணங்கிய அவன், அதனால் மாறிவிட்டானா? அங்குத்தர நிகாயம் இதற்கு விடை தருகின்றது. ஒருநாள் பசேனதி புத்தரின் அருகில் அமர்ந்திருக்கையில், ஏவலன் ஒருவன் வந்து, மல்லிகை தேவி இறந்தாள் என்று அவன் செவியில் மெல்லக் கூறுகின்றான். மன்னன் தோள் துவண்டு, தலை கவிழ்ந்து, பேச்சற்று இருந்தான் என்று நூல் கூறும். உமக்கு ஏதேனும் நேரின் எனக்குத் துயர் உண்டாகும் என அவளிடமே ஒப்புக்கொண்ட அந்நாள் மெய்யாகவே வந்துவிட்டது. கருத்தை ஒப்புக்கொள்வது வேறு, கருத்து உள்ளத்திற் கலந்துவிடுவது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அவ்வேளையிற் புத்தர், நீ முன்னரே அறிவாயே என அவனை இடித்துரைத்தாரல்லர். மூப்பதற்குரியது மூவாதிருத்தல், நோயுறற்குரியது நோயுறாதிருத்தல், இறத்தற்குரியது இறவாதிருத்தல், அழிதற்குரியது அழியாதிருத்தல், இழத்தற்குரியது இழக்கப்படாதிருத்தல் ஆகிய ஐந்தும் உலகில் எவர்க்கும் கிட்டாதன என்றார். முயற்சியாற் பெறத்தக்கது உளதாயின் முயல்க. எம்முயற்சியாலும் பெறலாகாதெனத் தெளிந்தால், வருந்தாது பொறுத்து இப்போது செய்யவேண்டிய செயலை எண்ணுக என்பது அவர் அறிவுரையின் சாரம். துயரம் மன்னன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த அநீதியன்று, உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவானது என்னும் எண்ணம் அவனுடைய தனிமையைப் போக்கியிருத்தல் கூடும்.

மல்லிகை எடுத்துக் கூறிய பெயர்களுள் விடூடபன் பெயரும் ஒன்றென்பதை மறத்தலாகாது. அவன் வாசபகத்தியையிடம் பசேனதிக்குப் பிறந்த மகன். சாக்கியர் தம் அடிமைப் பெண்ணொருத்தியின் மகளையே அரசகுமாரியெனக் கூறிக் கோசலனுக்கு அளித்தனர் என்றும், அதனை அறிந்த விடூடபன் தீராச் சினங் கொண்டான் என்றும் உரைநூல்கள் கூறும். முதுமையில் மன்னன் புத்தரைக் காணச் சென்று, தன் வாளையும் தலைப்பாகையையும் சேனாபதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்தான் என்பது சுத்தம் தரும் செய்தி. அச்சேனாபதி அரச சின்னங்களை விடூடபனிடம் சேர்ப்பிக்க, அவன் அரியணையைக் கைப்பற்றினான் என்பதும், உதவி நாடி இராசகிருகம் சென்ற பசேனதி இரவிற் கோட்டைவாயில் அடைபட்டிருக்கக் கண்டு வெளியே ஒரு மண்டபத்தில் உயிர்நீத்தான் என்பதும் உரைநூல் தரும் செய்திகள். பிரியமான மகனே நாட்டை இழப்பித்தான். மல்லிகையின் வினா ஒவ்வொன்றுக்கும் காலம் விடை கூறிவிட்டது.

இச்சிந்தனை கோசலத்தோடு நின்றுவிடவில்லை. தமிழ் மண்ணிலும் அது வேரூன்றியது. மணிமேகலைக் காப்பியத்திலே, மகன் உதயகுமரனை இழந்த சோழன் தேவி, அவன் இறப்புக்கு மணிமேகலையே காரணமென எண்ணி அவளைச் சிறைவைத்து வருத்துகின்றாள். மணிமேகலை அவளை வெறுத்தாளல்லள். நீ உடலுக்காக அழுகின்றாயா, உயிருக்காக அழுகின்றாயா என வினாவி, உயிருக்காகவெனின் அது சென்ற இடம் அறியவொண்ணாதது, ஆதலின் அவ்வுயிர்மீது கொண்ட அன்பை எல்லா உயிர்மீதும் இரக்கமாக விரித்தல் வேண்டும் என்னும் கருத்தை அவளுக்கு உணர்த்துகின்றாள். மல்லிகை அன்பிலிருந்து துயரைக் காட்டினாள். மணிமேகலை துயரிலிருந்து கருணைக்கு வழி காட்டினாள். இருவரும் ஒரு நெறியின் இரு படிகளில் நின்றவர்கள். திருவள்ளுவரும் அன்புடைமையை இல்லறவியலிலும், அவாவறுத்தலைத் துறவறவியலிலும் வைத்து ஒரே நூலில் இரண்டையும் ஓதியிருத்தலின், தமிழர்க்கு இது புதிய சிந்தனையுமன்று.

ஆகவே, அன்பு செய்யாதிருத்தல்தான் அறமா என்னும் வினாவுக்குக் கோசல வரலாறு தரும் விடை தெளிவானது. அன்பு செய்க; ஆனால் அன்பு செய்யப்படும் பொருள் மாறும் இயல்பினது என்பதை மறவாது செய்க. அதனை உணர்ந்தவன் தன் மனைவியிடத்தும் மக்களிடத்தும் காட்டவேண்டிய பரிவை நாளைக்கென்று ஒத்திவையான். மல்லிகை உயிரோடிருந்த காலத்தில், உண்மையொன்றைக் கூறியதற்காக அவளைக் கடிந்து அப்பாற் போகச் சொன்ன மன்னன், அவள் இறந்த செய்தி கேட்டுத் தலைகவிழ்ந்திருந்தபோது அச்சொல்லை நினைந்தானோ என்பதை எந்நூலும் கூறவில்லை. அதனை நினைத்துப் பார்க்கும் கடமை படிப்போராகிய நமக்கே உரியது.