ஒதுங்க இடமில்லாதவர்களின் வரலாறு

கொள்ளைநோயின் வரலாற்றைக் கிருமியின் வரலாறாக மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். நமக்கு அது போதாது. நோய் வந்தபோது யார் எங்கே ஒதுங்கினார்கள், ஒதுங்க இடமில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் வரலாறுதான்.

இன்றைய குரோஷியாவில் உள்ள துப்ரோவ்னிக், கடல் வணிகத்தால் வளர்ந்த நகரம். 1348இல் கறுப்புச் சாவு அங்கே நுழைந்தது. 1377இல் நகரின் பெருமன்றம் ஒரு சட்டம் போட்டது: பிளேக் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மர்கான் தீவிலோ சவ்தாத் என்ற சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே உள்ளே வரலாம். அனுமதியில்லாமல் அவர்களுக்கு உணவு கொண்டுபோகிறவரும் அங்கேயே ஒரு மாதம் கிடக்க வேண்டும். முப்பது நாள் பிற்பாடு நாற்பதானது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' வந்தது. வணிகத்தை நம்பிய நகரம் கதவை அடைக்கவும் முடியாது, திறந்துபோடவும் முடியாது, காத்திருக்கச் சொன்னது. சரக்கும் காசும் உள்ளவன் ஒரு மாதம் காத்திருப்பான். அன்றாடங்காய்ச்சி?

இதே கேள்வியைக் கோயமுத்தூரிடமும் கேட்கலாம். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக்கை அடக்க, 1897இல் வெள்ளை அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள். அந்த ஆத்திரத்தில் அவ்வாண்டே பிளேக் அதிகாரி ராண்ட் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளில் நோய் நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. 1901இல் 53,080ஆக இருந்த கோவை நகர மக்கள்தொகை 1911இல் 47,007. பஞ்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்த ஊர் சுருங்கியதில் பிளேக்குக்குப் பெரும் பங்குண்டு.

"எலி செத்து உழுந்தா ஊரக் காலி பண்ணீட்டுக் காட்டுச் சாளைக்குப் போயர்றது" என்று தன் மூத்தவர்கள் சொன்னதை என் அப்பத்தா சொல்வார். நல்ல மருத்துவம்தான்: எலியையும் தெள்ளுப்பூச்சியையும் விட்டு விலகுவது. ஆனால் அதற்குக் காடு வேண்டுமே! காட்டில் சாளை வேண்டுமே! பண்ணையத்தில் கூலிக்கு நின்றவருக்கும் மில் தொழிலாளிக்கும் எது காடு? பின்னர் 1920களில், நெரிசலான பழைய ஊருக்கு வெளியே ஆர்.எஸ்.புரம் அகன்ற தெருக்களோடு எழுந்தது. காற்றோட்டமும்கூட வசதியுள்ளவர்க்கே முதலில் கிடைத்தது.

தொழுநோயாளியை வெளியே தள்ளும் அதிகாரம் ஒன்று, பிளேக் நகரைக் கட்டம்கட்டிக் கண்காணிக்கும் அதிகாரம் இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார் ஃபூக்கோ. நம்மிடம் மூன்றாவது ஒன்றும் இருந்திருக்கிறது: தள்ளவும் இல்லை, எண்ணவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவது.

கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஆங்கில நோய்ப்பெயரைச் சூடிய தமிழ்த் தெய்வம்! ஓட முடியாதவர்கள் தங்கள் தெருவிலேயே நிறுத்திக்கொண்ட துணையாக இவளை நான் வாசிக்கிறேன். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுகிற பகுத்தறிவு, அரசு எண்ணாமல் விட்டவர்களின் ஞாபகத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. அதற்காக, கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால் வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்கிற வழக்கத்தைக் காட்டி, 'அன்றே நம் முன்னோர் குவாரண்டைன் கண்டார்கள்' என்று மார்தட்டுவதும் அபத்தம். அம்மன் பிளேக்கை நிறுத்தவில்லை. கோயில் எல்லைக்குள்ளும் சாதி எல்லை இருந்தது.

2020 மார்ச்சில் அதே 1897 சட்டம் மறுபடி கையிலெடுக்கப்பட்டது. 'வீட்டிலேயே இருங்கள்' என்றார்கள். திருப்பூரிலும் கோவையிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப ரயிலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைக்கப்பட்டது. செய்தியாளர்கள் அதை வேடிக்கையாக்கினார்கள். வேடிக்கை அதுவா? ஒரு அறையில் ஆறு பேர் தூங்கும் ஊரில் 'தனித்திரு' என்று சொன்னதா? பொதுச் சுகாதாரம் பேசுகிற நம் தோழர்கள் மருந்தையும் தடுப்பூசியையும் கேட்கிறார்கள். சரிதான். கூடவே, ஒதுங்கியிருக்க ஒரு வீடும், ஒதுங்கியிருக்கும் நாளுக்குக் கூலியும் கேட்க வேண்டும். அவையும் மருந்துதான்.