டீசல் மகிழுந்துப் புகை

டீசல் மகிழுந்துப் புகை என்பது டீசலில் இயங்கும் மகிழுந்துகளின் பொறியிலிருந்து வெளியேறும் வளிமங்களும் நுண்துகள்களும் சேர்ந்த கலவை ஆகும். இதில் உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பவையாக முதன்மையாகக் கருதப்படுபவை கரித்துகள்களும் நைட்ரசன் ஆக்சைடுகளும் ஆகும். 2012 ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் பொறிப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற் குழுவில் சேர்த்தது. வடிகட்டிகளும் வினையூக்கிகளும் பொருத்தப்பட்ட புதிய மகிழுந்துகளில் இப்புகை பெருமளவு குறைந்துள்ளது. எனினும், ஆய்வகத்தில் அளக்கப்பட்ட அளவுக்கும் சாலையில் உண்மையில் வெளியேறிய அளவுக்கும் இடையே பல ஆண்டுகள் பெரும் வேறுபாடு இருந்து வந்தது. இது 2015 ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வேகன் முறைகேட்டின் மூலம் உலகின் கவனத்துக்கு வந்தது.

புகை உருவாகும் விதம்

பெட்ரோல் பொறியில் மின்பொறி கொண்டு எரிபொருள் பற்றவைக்கப்படுகிறது. ருடோல்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய பொறியில் மின்பொறி கிடையாது. இதில் காற்று மட்டும் மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. இதனால் டீசல் பொறி குறைந்த எரிபொருளில் கூடுதல் வேலையைச் செய்கிறது.

ஆனால் இம்முறையில் எரிபொருளும் காற்றும் உருளைக்குள் சீராகக் கலப்பதில்லை. காற்று போதாத இடங்களில் டீசல் முழுமையாக எரியாமல் கரித்துகள்கள் உண்டாகின்றன. வெப்பம் மிகுந்த இடங்களில் காற்றிலுள்ள நைட்ரசனும் ஆக்சிசனும் சேர்ந்து நைட்ரசன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. எரியும் வெப்பநிலையைக் கூட்டினால் கரி குறைந்து நைட்ரசன் ஆக்சைடு கூடும். குறைத்தால் நைட்ரசன் ஆக்சைடு குறைந்து கரி கூடும். டீசல் பொறி வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே. பெட்ரோல் மகிழுந்துகளில் பயன்படும் மும்முனை வினையூக்கியும் டீசல் பொறியில் நைட்ரசன் ஆக்சைடுகளை நீக்க உதவாது. டீசல் புகையில் ஆக்சிசன் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம்.

முதன்மைக் கூறுகள்

* கரித்துகள்கள்: இவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. எண்ணிக்கையில் மிகுதியானவை 0.1 மைக்ரோமீட்டருக்கும் குறைந்தவை. இவற்றின் மேற்பரப்பில் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.
* நைட்ரசன் ஆக்சைடுகள்: நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரசன் டைஆக்சைடும். இவை சூரிய ஒளியில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோன் உருவாகவும் காரணமாகின்றன.
* கார்பன் மோனாக்சைடும் எரியாத ஐதரோகார்பன்களும்: டீசல் பொறியில் இவற்றின் அளவு பொதுவாகக் குறைவு.

உடல்நல விளைவுகள்

மூச்சு மண்டலம்: நைட்ரசன் டைஆக்சைடு மூச்சுக்குழாய்களில் அழற்சியை உண்டாக்குகிறது. ஆஸ்துமா உடையவர்கள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். இலண்டனில் நடத்தப்பட்டு 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ள 60 பேர் ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் வேறொரு நாள் ஹைடு பூங்காவிலும் இரண்டு மணி நேரம் நடந்தனர். ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் அப்பகுதியில் டீசல் பேருந்துகளும் வாடகை வண்டிகளும் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன. அத்தெருவில் நடந்தபோது அவர்களுடைய நுரையீரல் செயல்திறன் பூங்காவில் நடந்தபோது குறைந்ததைவிடக் கூடுதலாகக் குறைந்தது.

இதயமும் குருதிக்குழாய்களும்: மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, அழற்சியின் வழியாகக் குருதி ஓட்டத்தையும் பாதிக்கின்றன. 2007 ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், முன்பு மாரடைப்பு ஏற்பட்ட 20 ஆண்கள் நீர்த்த டீசல் புகையைச் சுவாசித்தவாறு உடற்பயிற்சி செய்தனர். தூய காற்றைச் சுவாசித்தபோது இருந்ததைவிட அப்போது இதயத் தசைக்குக் குருதி கிடைப்பது குறைந்தது.

புற்றுநோய்: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 ஆம் ஆண்டில் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் குழுவில் வைத்திருந்தது. பின்னர் அமெரிக்காவில் 12,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, புகைக்கு ஆட்பட்ட அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் இறப்பும் கூடுவதைக் காட்டியது. 2012 ஆம் ஆண்டின் முடிவுக்கு இது முக்கியச் சான்றாக அமைந்தது. எனினும் இச்சான்றுகள் பழைய பொறிகளின் புகை பற்றியவை என்பதையும், தெருவோரம் வாழ்வோரைவிடச் சுரங்கத் தொழிலாளர்கள் மிகுதியான புகைக்கு ஆட்பட்டனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2021 ஆம் ஆண்டில் நைட்ரசன் டைஆக்சைடுக்கான ஆண்டுச் சராசரிப் பரிந்துரையை ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

ஐரோப்பாவில் டீசல் மகிழுந்துகள்

டீசல் மகிழுந்துகள் மிகுதியாகப் பரவிய பகுதி மேற்கு ஐரோப்பா ஆகும். புவி வெப்பமடைதலைத் தடுக்கும் பொருட்டு, கார்பன் டைஆக்சைடைக் குறைக்க ஐரோப்பிய மகிழுந்து நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டன. ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்த கார்பன் டைஆக்சைடை வெளியிடும் டீசல் மகிழுந்துகள் இதற்கு எளிய வழியாயின. பிரித்தானியா 2001 ஆம் ஆண்டில் வாகன வரியைக் கார்பன் டைஆக்சைடு அளவின்படி மாற்றியது. 2011 ஆம் ஆண்டளவில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய மகிழுந்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை டீசலில் இயங்கின. தட்பவெப்பத்துக்கு நன்மை தரும் எனக் கருதி எடுக்கப்பட்ட இம்முடிவு, நகரக் காற்றின் தரத்தைப் பாதித்தது.

தூய்மையாக்கும் முறைகள்

* துகள் வடிகட்டி: நுண்துளைகள் கொண்ட பீங்கான் சுவர்கள் கரித்துகள்களைப் பிடித்துக்கொள்கின்றன. சேர்ந்த கரி அவ்வப்போது உயர் வெப்பநிலையில் எரிக்கப்படுகிறது. குறுந்தொலைவுப் பயணங்கள் மட்டும் மேற்கொள்ளும் வண்டிகளில் இவ்வெப்பம் கிடைக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்வதுண்டு.
* புகை மறுசுழற்சி: புகையின் ஒரு பகுதி மீண்டும் உருளைக்குள் செலுத்தப்பட்டு எரியும் வெப்பநிலை குறைக்கப்படுகிறது.
* யூரியா முறை: புகையில் யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. அதிலிருந்து உருவாகும் அம்மோனியா, வினையூக்கியின் துணையுடன் நைட்ரசன் ஆக்சைடுகளை நைட்ரசனாகவும் நீராகவும் மாற்றுகிறது.

சோதனையும் சாலையும்

ஐரோப்பிய ஒன்றியம் டீசல் மகிழுந்துகளுக்கு விதித்த நைட்ரசன் ஆக்சைடு வரம்புகள் (ஒரு கிலோமீட்டருக்குக் கிராமில்):

* யூரோ 3 (2000): 0.50
* யூரோ 4 (2005): 0.25
* யூரோ 5 (2009): 0.18
* யூரோ 6 (2014): 0.08

இவ்வரம்புகள் சுமார் 20 நிமிட ஆய்வகச் சோதனையில் அளக்கப்பட்டன. உருளைகளின் மீது வண்டி 11 கிலோமீட்டர் தொலைவு மெதுவாக ஓட்டப்படும். சோதனையின் ஒவ்வொரு நொடியும் முன்கூட்டியே தெரிந்ததால், பொறிகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிந்தது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று டீசல் மகிழுந்துகளில் அளவுக் கருவிகளைப் பொருத்திச் சாலையில் ஓட்டிப் பார்த்து, 2014 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் இரண்டு ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தினுடையவை. அவை வரம்பைப் பல மடங்கு மீறின. மூன்றாவது வண்டி பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் தூய்மையாக்கத்தை முழுமையாக இயக்கும் மென்பொருள் ஃபோக்ஸ்வேகன் வண்டிகளில் இருப்பதாக அறிவித்தது. சாலையில் இவை வரம்பைப்போல 40 மடங்கு வரை வெளியிட்டன. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இம்மென்பொருள் இருந்ததாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார்.

முறைகேட்டு மென்பொருள் இல்லாத பல நிறுவனங்களின் வண்டிகளும் சாலையில் வரம்பை மீறுவது பின்னர் தெரியவந்தது. 2017 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, டீசல் வாகனங்கள் வரம்புக்கு மேல் வெளியிட்ட நைட்ரசன் ஆக்சைடுகளால் 2015 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 38,000 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக மதிப்பிட்டது. இக்கணக்கில் சரக்குந்துகளும் பேருந்துகளும் அடங்கும்.

கட்டுப்பாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் புதிய வகை மகிழுந்துகளுக்குச் சாலைச் சோதனை கட்டாயமானது. செருமனியின் ஆம்பர்கு நகரம் 2018 மே மாத இறுதியில் இரு சாலைகளின் சில பகுதிகளில் பழைய டீசல் வாகனங்களைத் தடை செய்தது. இலண்டனில் 2019 ஏப்ரலில் தொடங்கிய மிகக்குறை உமிழ்வு மண்டலத்தில், யூரோ 6 தரத்தை எட்டாத டீசல் மகிழுந்துகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் விதிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் இது இலண்டன் மாநகர் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கிடையே, 2013 ஆம் ஆண்டில் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயது இலண்டன் சிறுமியின் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் இறப்பு விசாரணை அலுவலர் தீர்ப்பளித்தார்.

இந்தியாவின் பாரத் நிலைத் தரங்கள் யூரோ தரங்களைப் பின்பற்றியவை. இந்தியா ஐந்தாம் நிலையைத் தவிர்த்து, நான்காம் நிலையிலிருந்து நேராக ஆறாம் நிலைக்கு 2020 ஏப்ரல் 1 அன்று மாறியது. டீசலிலுள்ள கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அவ்வேளையில் மாருதி சுசுகி நிறுவனம் டீசல் மகிழுந்து உற்பத்தியை நிறுத்தியது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

சாலைச் சோதனையில் தேறிய புதிய டீசல் மகிழுந்துகள் பழையவற்றைவிட மிகக் குறைவான மாசையே வெளியிடுகின்றன. ஆனால் மகிழுந்துகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடக்கூடியவை என்பதால் பழைய வண்டிகளின் புகை நீண்ட காலம் தொடரும். அடைத்த வடிகட்டியை மாற்றும் செலவைத் தவிர்க்க அதைச் சட்டத்துக்குப் புறம்பாக அகற்றிவிடுவோரும் உளர். அத்தகைய வண்டி ஒன்று, வடிகட்டியுள்ள பல வண்டிகள் சேர்ந்து வெளியிடுவதைவிடக் கூடுதலான துகள்களை வெளியிடும். தடைப்பட்டைகளும் சக்கர உறைகளும் தேய்வதால் எழும் துகள்கள் எல்லா வகை வண்டிகளுக்கும் பொதுவானவை. புகை வடிகட்டிகளால் அவற்றைத் தடுக்க இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* டீசல் பொறி
* காற்று மாசடைதல்
* வினையூக்கி
* ஆஸ்துமா