புல்லை அளந்த கோல்

1895ஆம் ஆண்டைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: முல்லைப் பெரியாறு. அந்த அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. தேனி பேருந்து நிலையத்துக்கு பென்னிகுயிக் பெயர். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கும் அதே பெயர்.

அதே 1895இல், பள்ளத்தாக்கின் வடக்குச் சுவருக்கு மேலே, கொடைக்கானலில் ஒரு கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். இதற்கு எங்கள் ஊர்களில் விழாவும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். நானும் கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டதில்லை. ஆனால் மலை மேலே புல்லுக்கு என்ன நடந்தது என்று தேடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்ப இந்த விளையாட்டின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் அங்கே போன வழி. இன்றைக்கு வத்தலக்குண்டிலிருந்து ஏறும் லாஸ் காட் சாலை 1910களின் நடுவில்தான் முடிந்தது. அதற்கு முன்பு அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்கக் குலுங்கி, பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து செண்பகனூர் வரைக்கும் மலைப்பாதை. துரைகள் குதிரையில், துரைசாணிகள் டோலியில். பியானோவானாலும் பிஸ்கட் டின்னானாலும் மற்றதெல்லாம் அடிவாரத்து ஆட்களின் தலையில். ஆக, கொடைக்கானலின் முதல் கோல்ஃப் மட்டைகளும் எங்கள் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் மேலே போயிருக்கின்றன. தூக்கிப் போனவர்களின் பெயர் எந்த கிளப் சுவரிலும் தங்க எழுத்தில் இல்லை, அது வேற விஷயம்.

ஏன் அங்கே கோல்ஃப்? மேல் பழனி மலையின் அமைப்பு அப்படி. உருண்டு உருண்டு போகும் புல்மேடுகள், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. ஸ்காட்லாந்துக்காரன் கண்ணுக்கு அது ஊர் மாதிரியே தெரிந்திருக்கும். அவன் ஊரில் இது மாணவர்களும் ஆடிய ஆட்டம். 1570களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஜேம்ஸ் மெல்வில், தன் நாட்குறிப்பில் வில்லும் அம்பும் போலவே கோல்ஃப் மட்டையும் பந்தும் அப்பா வாங்கித் தந்ததாக எழுதிவைத்திருக்கிறார். அங்கே மைதானம் என்பது கடலோரப் பொது மேய்ச்சல் நிலம். புல்லை ஆடுகளும் முயல்களும் வெட்டின. மைதானப் பராமரிப்பு என்பதைத் தனித் தொழிலாக்கியவர்களில் முதன்மையானவர் பழைய டாம் மாரிஸ். 1864இலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். புல் மேலே மெல்லிசாக மணல் தூவினால் தரை சமமாகும், புல்லும் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டியதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. இன்றைக்கும் உலகம் முழுக்க அதையேதான் செய்கிறார்கள். அங்கே பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு குறுக்கே நடக்கலாம்.

இந்தியச் சமவெளியில் அந்தப் புல் வரவில்லை. வெயில் பொசுக்கியது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு 'கிரீன்' என்று பெயர். கோலார் தங்கவயல் மாதிரி இடங்களில் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிய தரையைப் போட்டு, அதற்கு 'பிரௌன்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஆட்டக்காரர் பந்தைத் தள்ளி முடித்ததும், கால்தடம் அழிய ஒரு ஆள் அதை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்றால், மேலே அந்த மணலை இழுத்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

கொடைக்கானலில் எண்ணெய் மணல் தேவைப்படவில்லை. குளிரும் மழையும் புல்லுக்கு உகந்தவை.

இந்த இடத்தில் கதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தாவுகிறது. கொஞ்சம் கூடவே வாங்க, திரும்ப பெரியகுளத்துக்கே வந்துவிடலாம்.

1920களிலும் 30களிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சொந்தமாக கோல்ஃப் மைதானம் கட்டத் தொடங்கின. யேல் 1926இல், ஸ்டான்ஃபோர்ட் 1930இல், மிச்சிகன் 1931இல். மாணவர் விளையாட்டு, பழைய மாணவர் நன்கொடை, கௌரவம், எல்லாம் கலந்த காரணங்கள். கட்டுவதற்கு நன்கொடை கிடைக்கும், கல்வெட்டில் பெயர் போடலாம். தினம் காலையில் புல் வெட்டுவதற்கு யாரும் நன்கொடை தர மாட்டார்கள். (எங்கள் துறையிலும் இதே கதைதான். புது ஆப் கட்டினவனுக்கு மேடை. அதை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உயிரோடு வைத்திருப்பவனுக்கு 'சப்போர்ட் டீம்' என்று பெயர்.) அதனால் பல்கலைக்கழக மைதானங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றுதான்: இது நன்றாக நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

அதற்கு ஒரு அளவுகோலைக் கண்டுபிடித்தவரும் பல்கலைக்கழக ஆட்டக்காரர்தான். எட்வர்ட் ஸ்டிம்ப்சன், ஹார்வர்ட் கோல்ஃப் அணியின் தலைவராக இருந்தவர். 1935இல் ஓக்மாண்ட்டில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்க்கப் போயிருந்தார். ஜீன் சாரசன் மெதுவாகத் தட்டிய பந்து கிரீனில் நிற்காமல் உருண்டு, மணல் பள்ளத்துக்குள் விழுந்தது. இந்தத் தரை நியாயமில்லாத வேகம் என்று ஸ்டிம்ப்சனுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை எப்படி நிரூபிப்பது? மரத்தில் ஒரு சாய்வுப் பள்ளம் செய்தார். அதில் பந்தை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், கிட்டத்தட்ட 20 டிகிரி சாய்வில் பந்து தானாக உருளும். தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீனின் வேகம். பிறகு எதிர்த்திசையில் உருட்டி, சராசரி. அவ்வளவுதான். இதைவிட எளிமையான கருவி கிடைப்பது கஷ்டம்.

நாற்பது ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் செய்து, நாடு முழுக்க அளந்து பார்த்து, 1978இல் மைதானப் பொறுப்பாளர்கள் கையில் கொடுத்தது. ஒரே மைதானத்தின் பதினெட்டு கிரீன்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நடந்தது வேறு. உன் மைதானம் எத்தனை, என் மைதானம் எத்தனை என்று போட்டி வந்துவிட்டது. அப்போது சராசரி ஆறரை அடி அளவில் இருந்த வேகம், இன்று பெரிய போட்டிகளில் 12, 13 அடி. அந்த வேகத்துக்குப் புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்ட வேண்டும். இலை குறைந்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வேர் மேலே நின்றால் அடிக்கடி தண்ணீர், அடிக்கடி பூஞ்சைக்கொல்லி. நியாயத்துக்காகச் செய்த கோல், புல்லை நோயாளியாக்கிவிட்டது. டிக்கெட் எத்தனை மூடினாய் என்று மேனேஜர் எண்ண ஆரம்பித்த வாரமே ஒரு டிக்கெட்டை மூன்றாக உடைக்கக் கற்றுக்கொள்கிற ஊரில் வேலை பார்ப்பவன் என்பதால், இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

நம்மூரில் புல்லை வேறு கோலால் அளந்தார்கள்: பணம். சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானம், அதன் ஓடுதளத்துக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப், எல்லாம் சேர்ந்த 160 ஏக்கர் சொச்ச அரசு நிலத்துக்கு 99 ஆண்டு குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு வெள்ளநீர் தேங்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற யாருக்கும் அந்தப் புல்லின் உண்மையான விலை எந்தக் கணக்கில் இருந்தது என்று புரியும்.

மேல் பழனிக்கு வருவோம். கோல்ஃப் மைதானத்துக்கு வெளியே இருந்த புல்லுக்கு வாடகைகூடக் கிடையாது. அது மரம் தராது, வரி தராது. வனத்துறை மொழியில் இப்படிப்பட்ட புல்வெளிக்கு 'வெற்றிடம்' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. வெற்றிடம் என்றால் நிரப்ப வேண்டும் அல்லவா? தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலிய வாட்டில் வந்தது, நம் மலைகளில் சீகை என்பார்கள். கூடவே தைல மரமும் பைனும். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஒரு ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. தோட்ட மரங்களும் விவசாயமும்தான் முக்கியக் காரணம். இப்போது பைன் காட்டுக்குள் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் அதைத்தான் இயற்கை என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அங்கே முன்பு என்ன இருந்தது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். இந்த மலையில் புல் புல்லாகவே இருக்க வேண்டும் என்று ஆள் வைத்து, சம்பளம் கொடுத்து, நூறு வருஷத்துக்கு மேல் காத்த இடம் கோல்ஃப் மைதானம். காட்டுமாடுகள்கூட அங்கே வந்து மேய்வது அதனால்தான். ஆனால் அது காத்தது பந்து உருள்கிற புல்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூக்கும் குறிஞ்சி, வாரா வாரம் புல்வெட்டி ஓடுகிற தரையில் வளரவே முடியாது. குறிஞ்சிக்கு வேண்டிய புல்வெளியைக் காக்க அப்படி ஒரு சம்பளப் பட்டியல் இருந்ததே இல்லை.

இதில் பெரியகுளத்துக்கு என்ன? கொடைக்கானலுக்கு மேற்கே, மலைக்குள், பேரிஜம் ஏரி. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. ஏரிக்குத் தண்ணீர் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து வருகிறது. சரிவில் புல் நிற்கிறதா, தைல மரம் நிற்கிறதா என்பது குழாயில் தெரியும். நீலகிரியில் கிளென்மார்கனில் இதை அளந்தே பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஓடைப் பகுதிகள் இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் தைல மரம் நட்டு, இரண்டின் ஓடையிலும் தடுப்பு கட்டி நீரை அளந்தார்கள். மரம் நட்ட பகுதியில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெற்றிடம் என்று பெயர் வைத்தவர்கள் கையில் இந்தக் கோல் இல்லை.

சரி, எல்லா வாட்டிலையும் வெட்டித் தள்ளிவிடலாமா என்றால் அதுவும் சுலபமில்லை. வெட்டிய இடத்தில் விதை மறுபடி முளைக்கும். சில இடங்களில் அந்நிய மர நிழலில் சோலை மரக்கன்றுகளே எழும்பியிருக்கின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, எங்கே ஒவ்வொரு வருஷமும் போய்க் கையால் பிடுங்குவது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழா நடத்தி முடிக்கிற வேலை இல்லை இது. மைதானப் பராமரிப்பு வேலை.

பெரியகுளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1957இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1990இல் கல்லூரியானது. தோட்டக்கலைப் பாடத்தில் புல்தரை அமைப்பதும் உண்டு, லான் எப்படிப் போடுவது, எப்படி வெட்டுவது என்று. யேலும் மிச்சிகனும் மைதானம் வைத்துக்கொண்டது போல, இந்தக் கல்லூரி மேலே பதினெட்டுக் குழி அளவுக்கு ஒரு புல்வெளியை வைத்துக்கொண்டால் என்ன என்று யோசிக்கிறேன். மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். பொறுப்பாளர் ஒருவர், நிரந்தரச் சம்பளத்தில் ஆட்கள், வருஷா வருஷம் பட்ஜெட். அந்த ஆட்களை மலைக் கிராமங்களிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் எடுக்க வேண்டும், இந்த முறை பெயரோடு.

அளவுகோலும் இருக்கிறது. ஸ்டிம்ப்சனின் மரப்பள்ளத்தைவிட எளிமை: இரும்பு வளையம் ஒன்றை மண்ணில் பாதி இறங்கும்வரை அடித்து, உள்ளே தண்ணீரை ஊற்றி, அது எத்தனை நிமிஷத்தில் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. புல்வெளியில் ஒன்று, பைன் அடியில் ஒன்று, கிளப் அனுமதித்தால் கிரீனில் ஒன்று. வெல்டிங் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் செய்து தந்துவிடுவார்கள். கொடைக்கானலில் கடைசியாகக் குறிஞ்சி பரவலாகப் பூத்தது 2018இல். அடுத்தது 2030. இப்போதே வளையத்தை அடிக்க ஆரம்பித்தால், அதற்குள் சில மழைக்காலங்களின் கணக்கு கையில் இருக்கும்.