ஒரே பெயர், வேறு வேறு வீடு

'காந்தி நகர்' என்ற பெயரில் எத்தனை ஊரில் வங்கிக் கிளை இருக்கிறது! ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இருப்பதால் பணம் ஊர் மாறிப் போவதில்லை. அதைக் கொடுக்க மேலே ரிசர்வ் வங்கி இருக்கிறது. தலைமை அலுவலகமே இல்லாத இணையக் குழுக்களில் என்ன ஆகும்?

1980-ல் பரவத் தொடங்கிய யூஸ்நெட்டில், பெரிய கணினிகளின் நிர்வாகிகள் பேசி முடிவெடுத்தார்கள். 1987 வாக்கில் குழுக்களின் பெயர்களையெல்லாம் மாற்றி அடுக்கினார்கள். பிரையன் ரீட் நடத்திய சமையல் குறிப்புக் குழுவுக்கு வைத்த புதுப்பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 'ஆல்ட்' என்று தனி வரிசையே தொடங்கிவிட்டார். பிறகு சமையலுக்கு இங்கே ஒன்று, அங்கே ஒன்று!

2019-ல் வந்த லெம்மியில் அப்படிப் பேசி முடிவெடுக்கவும் யாரும் இல்லை. ஒவ்வொரு சர்வரும் தனி ஊர். 2023 ஜூனில் ரெட்டிட்டின் கட்டண முடிவால் கோபப்பட்டவர்கள் அங்கே குவிந்தார்கள். லெம்மி.எம்எல், லெம்மி.வேர்ல்ட், பீஹா மூன்றிலும் 'டெக்னாலஜி' குழு. அதே மாதம், கண்காணிக்க ஆள் போதவில்லை என்று பீஹா, லெம்மி.வேர்ல்டோடு தொடர்பைத் துண்டித்தது. பெயர் ஒன்றுதான், இங்கே பேசுவது அங்கே கேட்காது.

வீண் வேலை என்று தோன்றுகிறதா? லெம்.ஈ என்ற பெரிய சர்வர், நடத்தியவர்கள் களைத்துப்போனதால் 2025 ஜூன் கடைசியில் மூடப்பட்டது. அங்கே மட்டும் இருந்த குழுக்கள் புது வீடு தேடின. வேறு சர்வரில் அதே பெயரில் குழு இருந்தவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

ஊர்க்காரர்களுக்குக் குழு தேடுகிறீர்களா? பெயரோடு நிற்காதீர்கள். எந்த சர்வர், நடத்துவது யார் என்றும் பாருங்கள்.