வலென்சியாவின் மூன்று கவிஞர்களும் ஒரு ராணியும்

செஸ் ஆடிய கவிஞர்கள் என்று தேடினால் நீண்ட பட்டியலே கிடைக்கும். பட்டியல்களில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு ஆட்டத்தையே கவிதையாக எழுதி, அந்த விளையாட்டின் வரலாற்றுக்கே சாட்சியாகிப்போன மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் வலென்சியா நகரம், சுமார் 1475. பிரான்சி த காஸ்டெல்வி, நர்சிஸ் வின்யோலெஸ், பெர்னாட் ஃபெனொல்லார் மூவரும் சேர்ந்து கட்டலான் மொழியில் 'ஸ்காக்ஸ் தமோர்' எழுதினார்கள். காதல் சதுரங்கம் என்று பொருள். காஸ்டெல்வி போர்க்கடவுள் மார்ஸாக ஆடுகிறார். வின்யோலெஸ் காதல் தெய்வம் வீனஸாக எதிரே உட்காருகிறார். ஃபெனொல்லார் மெர்குரி, அதாவது நடுவர். இத்தனைக்கும் மனுஷர் ஒரு பாதிரியார்!

பலகையில் 64 கட்டம், கவிதையில் 64 செய்யுள். முதல் மூன்று முன்னுரை. பிறகு மார்ஸுக்கு ஒன்று, வீனஸுக்கு ஒன்று, விதி சொல்ல நடுவருக்கு ஒன்று என்று 20 சுற்று. மிச்சமிருக்கும் ஒரே செய்யுளில் செக்மேட்.

அந்த விதிகளுக்காகத்தான் செஸ் வரலாற்றாசிரியர்கள் இந்தக் கவிதையை விடாமல் படிக்கிறார்கள். அரபு ஆட்டத்தில் ராஜா பக்கத்தில் நின்றது ராணி அல்ல, ஃபிர்ஸான் என்ற அமைச்சர். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்வார். ஐரோப்பா அவரை ராணியாக்கியது. ஆனால் பல நூற்றாண்டுகள் நடை மட்டும் மாறவில்லை. எல்லாத் திசையிலும் எவ்வளவு தூரமும் பாய்கிற ராணி ஒரு முழு ஆட்டத்தில் பதிவாகியிருப்பது, இதுவரை தெரிந்தவரை, இந்தக் கவிதையில்தான் முதலில். 1474இல் காஸ்டில் அரியணையில் இசபெல் ஏறினார், அதனால்தான் ராணிக்கு இந்த பலம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலென்சியா அரகோன் முடியரசின் கீழ் இருந்தது. இசபெல்லின் கணவர் ஃபெர்டினாண்ட் அங்கே மன்னரானதே 1479இல்தான்.

பின்னாளில் 1495இல் அதே நகரத்தில் பிரான்செஸ்க் விசென்ட் அச்சிட்ட செஸ் புத்தகத்தின் ஒரு பிரதிகூட இன்று கையில் இல்லை. பார்சலோனாவில் ஒரு தேவாலய ஆவணங்களுக்குள் கிடைத்த இந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதியும் பிறகு காணாமல் போனது. நகல்கள் தப்பித்ததால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆட்டத்தைப் பலகையில் பலமுறை வைத்துப் பார்த்திருக்கிறேன். நிஜமா ஆடினாங்களா, இல்ல உட்கார்ந்து யோசிச்சுக் கட்டினாங்களா? கட்டியதுதான் என்று நினைக்கிறேன். காரணம், காய்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள். மார்ஸின் ராஜா பகுத்தறிவு, ராணி விருப்பம், குதிரைகள் புகழ்ச்சிகள். வீனஸின் ராஜா மானம், ராணி அழகு, குதிரைகள் அலட்சியங்கள். இந்தப் பெயர்களோடு நகர்வுகளைப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது. இரண்டாவது நகர்விலேயே அழகு வெளியே வந்து ஒரு சிப்பாயை வெட்டுகிறது. மூன்றாவதில் பயந்து வீட்டுக்குத் திரும்புகிறது. விருப்பம் ஏழாவது நகர்வில்தான் கிளம்புகிறது, அப்புறம் அடங்குவதே இல்லை. பகுத்தறிவோ கடைசிவரை தன் கட்டத்தைவிட்டு அசையவில்லை.

எனக்கு இங்கேதான் சங்கடம். பலகையின் மிகப் பெரிய பலம் பெண் பெயருள்ள காய்க்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பலம் ஒரு பெண்ணின் மறுப்பை உடைக்கிற ஆணின் ஆசையாகத்தான் இங்கே ஓடுகிறது. வீனஸ் பக்கம் யோசிப்பவரும் ஓர் ஆண்தான். 20வது நகர்வில் விருப்பம் அலட்சியத்தை வெட்டி மானத்துக்குச் செக் வைக்கிறது. மானம் ஒரு கட்டம் ஒதுங்குகிறது. அழகு அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. அது ஆட்டம் தொடங்கியபோது நின்ற அதே கட்டத்தில் விருப்பம் போய் உட்காருகிறது. மேட். அது 64வது செய்யுள், எழுதியது காஸ்டெல்வி. வீனஸ் பேச அதற்கு மேல் செய்யுள் கிடையாது.