செத்தவீட்டுக்குப் போனவரின் அச்சம்: கனடாவில் அகதித் தகுதி நீக்கம்

தாம் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமே விரும்பி மீண்டும் நாடியவர் அகதியாக நீடிக்க முடியாது என்பது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையில் உள்ள விதி. ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் கைநூல் இதற்கு மூன்று சோதனைகளை வகுத்தது: செயல் தன்விருப்பமாக நடந்திருக்க வேண்டும், பாதுகாப்பை நாடும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அந்தப் பாதுகாப்பு உண்மையில் கிடைத்திருக்க வேண்டும். நடைமுறையில் இம்மூன்றும் கடவுச்சீட்டில் விழும் ஒரு முத்திரைக்குள் சுருங்கிவிட்டன. அந்தச் சுருக்கம் அநீதியானது என்பதே என் வாதம். ஈழத்தமிழர் பெருமளவில் தஞ்சம் பெற்ற கனடாவை வைத்து இதைப் பார்க்கிறேன்.

அகதித் தகுதி நீங்கினாலும் நிரந்தர வதிவுரிமை, அதாவது மக்கள் வழக்கில் பி.ஆர்., அங்கு முன்பு தானாக நீங்கவில்லை. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இரண்டையும் பிணைத்தது. தகுதியை நீக்கும்படி அமைச்சரின் தரப்பு, அகதிகள் பாதுகாப்புப் பிரிவு என்ற தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கும். அது ஏற்கப்பட்டால் தகுதியும் பி.ஆரும் ஒருசேரப் போகும். மேல்முறையீடு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி பெற்று நீதிமுறை மீளாய்வு மட்டும் கோரலாம். மீண்டும் தஞ்சம் கேட்க வழியில்லை. நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீட்டுக்கும் பொதுவாக ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இச்சட்டத்தில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. ஒருவர் எங்கும் போகாதிருக்க, அவருடைய நாட்டின் நிலைமை மாறியதால் மட்டும் தகுதி நீங்கினால் பி.ஆர். பறிபோவதில்லை. தாயின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கப் போனவருக்கோ பறிபோகிறது. ஆபத்து அகன்றவர் தங்குகிறார். ஆபத்து இன்னும் இருக்கக்கூடியவர் வெளியேற்றப்படுகிறார். குடியுரிமை பெற்றுவிட்டவரை இந்த விதி தொடாது. ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் வெளிநாட்டுப் பயணங்களைப் பட்டியலிட்டாக வேண்டும். உண்மையாக எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியலிலிருந்தே வழக்குத் தொடங்குவதுண்டு.

யாழ்ப்பாணத்தில் தகப்பன் இறந்தால் கொள்ளி வைக்க மகனைத் தேடுவார்கள். செத்தவீட்டுக்கு வர முடியாதவர் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்காவது வந்துசேரப் பார்ப்பார். ஊர் இதைக் கடமை என்கிறது. சட்டம் தன்விருப்பம் என்கிறது. அதற்காக இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தவர் நாடியது எல்லையைக் கடக்க ஒரு தாளை. அரசின் காவலை நாடினார் என்று அதிலிருந்து எப்படி முடிவுகட்டுவது? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பெயரைக் கணினியில் தேடும் நேரத்தில் அவர் பாதுகாக்கப்பட்டவராக நிற்பதில்லை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 2009இல் போர் முடிந்த பின்னும் தொடர்ந்தது. 2014இல் அரசு வர்த்தமானியில் வெளியிட்ட தடைப்பட்டியலில் புலம்பெயர் அமைப்புகளும் 400க்கும் மேற்பட்ட ஆட்களும் இருந்தனர். 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஐ.நா. ஆணையகத்தின் உதவியோடு பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்பு முறையான அனுமதியின்றி நாட்டை விட்டுச் சென்றதற்காகக் கைதானார். அவர் கனடாவில் தஞ்சம் பெற்றவர் அல்லர் என்றாலும், விமான நிலையத்தில் எது காத்திருக்கலாம் என்பதை அந்தக் கைது காட்டுகிறது. இத்தனையும் தெரிந்து போனவரின் பயணம் அச்சமின்மையை நிரூபிக்கவில்லை. அச்சத்தை மீறிய கடமையைத்தான் காட்டுகிறது.

அரசுகளின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆண்டுதோறும் விடுமுறைக்குப் போய்வருபவரும், அங்கே காணி வாங்கித் தொழில் நடத்துபவரும் கேள்விக்கு உட்பட்டே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்து தாய்நாட்டுப் பயணத்தைச் சட்டத்தாலேயே தடுக்கிறது. ஜெர்மனியும் 2024இல் விதியை இறுக்கியது. ஆயினும் முதிய அல்லது நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் போவது வேறு, விடுமுறைக்கும் வணிகத்துக்கும் அடிக்கடி போவது வேறு என்று கைநூலே பிரித்துச் சொல்கிறது. அந்த வேறுபாட்டைத்தான் முத்திரை அழித்துவிடுகிறது.

2022இல் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஓரளவு திருத்தியது. சிறு வயதில் தஞ்சம் பெற்ற கொலம்பியப் பெண் ஒருவர், மெய்க்காவலர்களை அமர்த்திக்கொண்டு தாய்நாடு போய்வந்த வழக்கு அது. துன்புறுத்தியவர் அரசா பிறரா, பயணத்தின் நோக்கம் என்ன, எத்தனை முறை போனார், என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார், பின்விளைவு அவருக்குத் தெரிந்திருந்ததா என்றெல்லாம் தீர்ப்பாயம் ஆராய வேண்டும் என்றது தீர்ப்பு. தனிக் காவலரை அமர்த்தியவர் அரசின் காவலை நம்பியவராக இருக்க முடியுமா? இக்கேள்விக்கு இடம் கிடைத்தது பெரிய முன்னேற்றம். எனினும் கடவுச்சீட்டிலிருந்து எண்ணத்தை ஊகிக்கும் முறை நீங்கவில்லை. அதை மறுக்கும் சுமை இன்னும் அகதியின் தோளில்தான்.

வேறு வழி உண்டு. பிரான்ஸில், மனிதாபிமானக் காரணம் இருந்தால் தாய்நாடு போய்வர, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குச் செல்லுபடியாகும் தனி அனுமதிச்சீட்டை நிர்வாகம் வழங்கலாம். மரணமும் நோயும் அவசரமாக வருபவை என்பதால், கனடா அத்தகைய அனுமதியைச் சில நாட்களுக்குள் தரும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பி.ஆரைத் தகுதி நீக்கத்தோடு பிணைக்கும் விதியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை, அன்று ஏன் போனீர்கள் என்று கேட்கும் தீர்ப்பாயம், இன்று அனுப்பினால் இவருக்கு என்ன நேரும் என்பதையும் அதே விசாரணையில் கேட்டாக வேண்டும்.