தோலில் எழுதாத வருடம்

வாணியம்பாடி டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் மேசையில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. தோலை வெளிச்சத்தில் சாய்த்து உண்ணிக் கடியும் சூட்டுத் தழும்பும் பார்ப்போம். பிறகு வயிற்றுப் பக்கத்தை விரலால் மடிப்போம். மழை பொய்த்த வருடத்து மாடு என்றால் அங்கே சதைப்பற்றே இருக்காது. பதனிட எவ்வளவு நல்ல மரப்பட்டை போட்டாலும் அந்த மெலிவு போகாது.

எங்கள் தொழில் வளர்ந்த கதையில் பாலாற்றுத் தண்ணீர் வரும், வியாபாரிகளின் சாமர்த்தியம் வரும். இரண்டும் உண்மைதான். வறட்சிதான் விடுபட்டுப் போகிறது.

1876இல் பருவமழை தவறியது. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. தீவனமில்லாமல் மாடுகளும் மடிந்தன. செத்த மாட்டை உரிக்கும் வேலை தலித் மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது; பசியோடு அவர்கள் உரித்த தோல்கள் மண்டிகளில் குவிந்தன. ரயில் பாதை அதற்கு முன்பே ஆம்பூர், வாணியம்பாடியைச் சென்னையோடு இணைத்திருந்தது. ஊர் பட்டினி கிடந்த காலத்தில் தோல் ஏற்றுமதி பெருகியது.

பதனிடும் பொருளும் வறண்ட நிலம் தந்ததே. பாய்ச்சல் இல்லாத மேட்டில் தானாக வளரும் ஆவாரையின் பட்டையில் தோலைப் பதமாக்கும் டானின் நிறைந்திருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கிய தோலை, வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். ஆவாரை மட்டும் ஏறிய தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பார்கள். அரைப்பதமான அந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் போனது.

பாலாறு பிறக்கும் நந்தி மலைப் பக்கத்தில் இன்று ஷிராஸ் திராட்சையில் ஒயின் செய்கிறார்கள். அதன் துவர்ப்பும் டானின்தான். தண்ணீர் குறைந்த வருடத்தில் பழம் சிறுக்கும். சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடி, துவர்ப்பு ஏறும். ஒயின்காரர்கள் புட்டியில் அறுவடை ஆண்டை அச்சிடுகிறார்கள். குடிப்பவருக்கு அது எந்த மழையின், எந்த வறட்சியின் பழம் என்று தெரிகிறது. 1877இல் கப்பலேறிய எங்கள் தோலில் அப்படி எந்த ஆண்டும் எழுதப்படவில்லை.

பின்னாளில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. 1903இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் பதனிடும் முறையைத் தொடங்கிவைத்தார். 1973க்குப் பிறகு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வர, முழுப்பதத் தோலும் காலணியும் பெருகின. கழிவு பாலாற்றைக் கெடுத்தது; 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்றது.

ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் நிலைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில் பட்டை உரித்தவர்களுக்கும் பஞ்சத்தில் மாடு உரித்தவர்களுக்கும் பங்கிருக்கிறது. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயர்களோடு 1876ஐயும் எழுத வேண்டும்.